ஒரு வெள்ளிக்கு எத்தனை ரிங்கிட்?
நாணய மாற்று வரலாறும் நம் சொற்களும்



மொழியியல் பயின்றோர் நாணய மாற்று விகிதத்தைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இத்துறையில் நாள்தோறும் வழங்கும் சொற்களை நாம் எவ்வாறு ஆளுகிறோம் என்பது பொருளியலாளர்க்கு மட்டும் உரிய கவலையன்று. 'ரிங்கிட் இறங்கியது' என்கிறோம். 'ரிங்கிட் இறக்கப்பட்டது' என்றும் எழுதுகிறோம். இரண்டும் ஒன்றெனவே பலர் கருதுகின்றனர். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு தலைமுறையின் சேமிப்பு எவ்வாறு குறைந்தது, அதைக் குறைத்தவர் எவர் என்னும் வினாவைத் தன்னுள் கொண்டது. சிங்கப்பூர் வெள்ளிக்கும் மலேசிய ரிங்கிட்டுக்கும் இடையிலான மாற்று வரலாற்றைச் சொல்லி, அவ்வரலாற்றைச் சரியாகப் பேசுவதற்கு நம் இலக்கணம் எவ்வாறு துணைபுரிகிறது என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

சொற்கள் வந்த வழி

முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழகத்தில் 'வெள்ளி' என்றால் உலோகம், கிழமை, கோள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நமக்கு அது பணத்தின் பெயருமாகும். இப்பொருள் தற்செயலாகத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைத் துறைமுகங்களில் கைமாறிய பெருநாணயம் உண்மையிலேயே வெள்ளியால் ஆனது. முதலில் ஸ்பானிய வெள்ளி நாணயமும் பின்னர் மெக்சிகோ நாணயமும் வணிகரிடையே புழங்கின. உலோகத்தின் பெயர் நாணயத்துக்கு ஆகிவந்தது. இதனை நம் இலக்கணத்தார் கருவியாகுபெயர் என்பர்.

மலாய்மொழியின் 'ரிங்கிட்' என்னும் சொல்லும் அதே நாணயத்திலிருந்து பிறந்ததே. அச்சொல்லுக்குப் 'பற்பற்களாக அமைந்த விளிம்பு' என்பது பொருள். ஸ்பானிய நாணயத்தின் ஓரத்தில் இருந்த வரிகளைக் கண்டு மலாய் மக்கள் அப்பெயரிட்டனர். ஒரே நாணயத்தைத் தமிழர் அதன் உலோகத்தால் அழைத்தனர்; மலாயர் அதன் விளிம்பால் அழைத்தனர். எனவே 'வெள்ளியா, ரிங்கிட்டா' என்று இன்று நாம் வேறுபடுத்திப் பேசும் இரு பெயர்களும் தொடக்கத்தில் ஒரே பொருளைச் சுட்டியவை. புருணையின் நாணயம் மலாய்மொழியில் இன்றும் 'ரிங்கிட் புருணை' என்றே வழங்குகிறது.

சிறுகாசுப் பெயர்களும் இத்தகையனவே. தமிழில் 'துட்டு' என்பதும் மலாயில் பணத்தைக் குறிக்கும் 'டூயிட்' என்பதும் டச்சுக்காரர் புழங்கவிட்ட ஒரே செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தவை. நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து, கீழைநாட்டுச் சிறுநாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் சொல்லாக ஆங்கிலத்திற்குச் சென்றது. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒலியில் இதனை ஒத்திருப்பினும் வேர் வேறு என்பதை மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும்.

'மாற்று' என்னும் சொல் இன்னும் சுவையானது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவது மாற்று. பொன்னை உரைகல்லில் உரைத்துக் காணும் தரமும் மாற்றே. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்பது அவ்வழக்கு. நாணயத்தைச் சோதித்துப் பார்ப்பது 'நோட்டம்'. அதனைத் தொழிலாகச் செய்தவர் நோட்டக்காரர். சங்கப் புலவர் சிலரின் பெயரில் வரும் 'வண்ணக்கன்' என்னும் அடையும் அத்தொழிலையே குறிக்கும். 'நோட்டம் பார்க்கிறான்' என்று இன்று நாம் பேசும்போது காசைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தவரின் செயல் அச்சொல்லுக்குள் இருக்கிறது. 'நாணயம்' என்பதற்குக் காசு, நேர்மை என இரு பொருளும் உண்டு. காசின் மதிப்பு நம்பிக்கையைச் சார்ந்தது என்பதைத் தமிழ் பேசுவோர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர்.

உலோகத்திலிருந்து தாளுக்கு

நீரிணைக் குடியேற்றங்கள் 1867-ஆம் ஆண்டு வரை இந்திய ஆட்சியின்கீழ் இருந்தன. அதுவரை இந்திய ரூபாயே அரசின் கணக்கு நாணயம். ஆனால் சந்தையின் நாணயம் வெள்ளி டாலர். குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறிய அவ்வாண்டில் ரூபாய் சட்டச் செலாவணி நிலையை இழந்தது.

வெள்ளி உலோகத்தின் விலையே நாணயத்தின் மதிப்பாக இருந்தமையால் ஓர் இடர் நேர்ந்தது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்தது. 1870-களில் நான்கு ஷில்லிங்கிற்கு மேல் பெற்ற டாலர், 1902-இல் இரண்டு ஷில்லிங்கிற்கும் கீழே வந்துவிட்டது. வெள்ளியில் சம்பளம் பெற்று ஸ்டெர்லிங்கில் கடன் செலுத்த வேண்டியவர் துன்புற்றனர். 1903-இல் நீரிணை டாலர் என்னும் தனி நாணயம் வெளியிடப்பட்டது. 1906-இல் அதன் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிறுத்தப்பட்டது. அஃதாவது 60 டாலருக்கு 7 பவுண்டு. பெயர் மாறியும், நோட்டு வெளியிடும் ஆணையம் மாறியும், அவ்விகிதம் மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. சப்பானியர் ஆட்சிக்காலம் இதற்கு விலக்கு. அவர்கள் அச்சிட்டுக் குவித்த 'வாழைமர நோட்டு' 1945-இல் ஆட்சியோடு சேர்ந்து மதிப்பற்றுப் போயிற்று.

இக்காலத்தில் நாணய மாற்றும் கடன்தொழிலும் தமிழர் பலரின் பிழைப்பாக இருந்தன. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் தம் கிட்டங்கிகளில் அமர்ந்து நடப்பு வட்டியைத் தீர்மானித்தனர். கடல்கடந்து பணம் அனுப்பும் சீட்டுக்கு 'உண்டியல்' என்று பெயர். தமிழகத்து மாணவர் அச்சொல்லைக் கேட்டால் கோயில் உண்டியலையே நினைப்பர். சேஞ்ச் அலியில் நாணயம் மாற்றியோருள் தமிழ் முஸ்லிம் வணிகர் பலர். அவர்கள் பலமொழி எண்ணுப்பெயர்களையும் நாவில் வைத்திருந்தனர். மாற்று விகிதம் அச்சேட்டில் வருமுன் அவர்கள் வாயில் வந்தது எனலாம்.

1967: இறங்கியதா, இறக்கினார்களா?

சிங்கப்பூர் 1965-இல் தனிநாடானது. 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தத்தம் நாணயத்தை வெளியிட்டன. மூன்றும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில், எந்தக் கட்டணமுமின்றி மாற்றிக்கொள்ளப்படும் என உடன்பாடு செய்யப்பட்டது. மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய ஆணையம் வெளியிட்ட பழைய நோட்டும் உடன் புழங்கியது. அதன் மதிப்பும் புதிய நோட்டின் மதிப்பும் அப்போது ஒன்றே.

ஐந்து மாதம் கழிந்தது. 1967 நவம்பர் 18 அன்று பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு இறக்கியது. புதிய நாணயங்கள் பவுண்டைப் பின்தொடரவில்லை. ஒரு பவுண்டுக்கு 8.57 வெள்ளி என்றிருந்தது ஏறத்தாழ 7.35 வெள்ளி ஆயிற்று. ஆனால் பழைய நோட்டு ஸ்டெர்லிங்கோடு பிணைக்கப்பட்டது. ஆகவே அது பவுண்டோடு சேர்ந்து இறங்கியது. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய 85 காசு என அறிவிக்கப்பட்டது.

பலர் கையில் அப்போதும் பழைய நோட்டுகள் இருந்தன. வங்கிக்குச் செல்லாமல், பானையிலும் பெட்டியிலும் பணம் சேர்த்துவைத்த எளியோரே இதில் மிகுதியாக அடிபட்டனர். நூறு வெள்ளி வைத்திருந்த ஒருவர் தூங்கி எழுந்தபோது அது 85 வெள்ளி ஆகியிருந்தது. பினாங்கில் நவம்பர் 24 அன்று தொழிலாளர் கட்சி கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. அது கலவரமாக மாறியது, உயிர்கள் பலியாயின, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது.

இங்கே இலக்கணத்துக்கு வருவோம். தமிழில் 'இறங்கு' தன்வினை, 'இறக்கு' பிறவினை. 'மாறு, மாற்று', 'உயர், உயர்த்து', 'நில், நிறுத்து' என்பனவும் அவ்வாறே. தன்வினையில் செய்பவர் புறத்தே இல்லை; பிறவினையில் உண்டு. 'பவுண்டை இறக்கினார்கள்' என்னும் தொடர் 'யார்?' என்று கேட்கத் தூண்டுகிறது. விடை பிரிட்டிஷ் அரசு. 'பழைய நோட்டு இறங்கியது' என்னும் தொடரோ அதனை இயற்கை நிகழ்ச்சிபோல் காட்டுகிறது. 'இறக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. செய்தவர் ஒருவர் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அவர் பெயரை விட்டுவிடுகிறது. 1967-இல் பழைய நோட்டு தானாக இறங்கவில்லை. இலண்டனில் ஒரு முடிவும் இங்கே ஒரு முடிவுமாக இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. பானையில் பணம் வைத்திருந்தவர் அவ்விரண்டில் எதற்கும் உரியவரல்லர்.

ஆகையால் கலைச்சொல் ஆள்வோர்க்கு ஒரு வேண்டுகோள். அரசு முடிவெடுத்துச் செய்வதை 'மதிப்பிறக்கம்' என்றும், சந்தையில் தானாக நிகழ்வதை 'மதிப்பிறங்கல்' அல்லது 'மதிப்புச் சரிவு' என்றும் பிரித்து எழுதுவோம். தன்வினை பிறவினை வேறுபாட்டை ஓர் ஒற்று மாற்றத்திலேயே காட்டும் வசதியைப் பெற்றிருந்தும் நாம் அதனைப் பயன்படுத்தாமல் இருப்பது முறையன்று.

1973-க்குப் பின்

1973 மே 8 அன்று மலேசியா அவ்வுடன்பாட்டிலிருந்து விலகியது. அடுத்த மாதம் இரு நாடுகளும் தத்தம் நாணயத்தை மிதக்கவிட்டன. சிங்கப்பூருக்கும் புருணைக்கும் இடையே மட்டும் ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் இன்றுவரை தொடர்கிறது.

பிரிந்த உடனே பெரும் வேறுபாடு தோன்றிவிடவில்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. வேறுபாடு காசுக் கணக்கில்தான். 1975-இல் மலேசியா 'ரிங்கிட்', 'சென்' என்னும் பெயர்களை அலுவல்முறையில் ஏற்றது. 1980-இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ 1.02 ரிங்கிட். 1985-இல் 1.13. 1990-இல் ஒன்றரை. 1995-இல் ஒன்றே முக்கால்.

இந்த இடைவெளி ஏன் வளர்ந்தது? இரு காரணங்களை இங்கே சுருங்கச் சொல்வோம். சிங்கப்பூர் உண்பதும் உடுப்பதும் பெரும்பாலும் இறக்குமதி. எனவே அதன் நாணய வாரியம் 1981 முதல் வட்டி விகிதத்தை விடுத்து மாற்று விகிதத்தையே கொள்கைக் கருவியாகக் கொண்டது. பல நாட்டு நாணயங்கள் அடங்கிய ஒரு தொகுப்புக்கு எதிரே வெள்ளியைப் படிப்படியாக உயரவிட்டு, இறக்குமதி விலையேற்றத்தைத் தணித்தது. மலேசியாவோ ஈயம், ரப்பர், செம்பனை எண்ணெய், பெட்ரோலியம் ஆகியவற்றை ஏற்றுமதி செய்யும் நாடு. அப்பொருள்களின் உலக விலையோடு அதன் வருவாயும் ஏறி இறங்கும். 1985-இல் ஈயச் சந்தை முறிந்தது ஓர் எடுத்துக்காட்டு. ஏற்றுமதியாளருக்கு மலிவான நாணயம் சில வேளைகளில் உதவியும் செய்யும். ஆக, மாற்று விகிதம் இரு மக்களின் உழைப்புக்கோ அறிவுக்கோ இடப்பட்ட மதிப்பெண் அன்று. வகுப்பறையில் இதனை அழுத்திச் சொல்ல வேண்டும்.

1997-இல் தாய்லாந்தில் தொடங்கிய நெருக்கடி அனைத்தையும் குலைத்தது. அவ்வாண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்றிருந்தது, 1998 ஜனவரியில் 4.80-ஐயும் தாண்டியது. சிங்கப்பூர் வெள்ளியும் இறங்கிற்று. ஆயினும் அந்த அளவுக்கு அன்று. 1998 செப்டம்பர் 1 அன்று மலேசியா மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்தது. மறுநாள் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என நிறுத்தியது. வெளிநாட்டில் இருந்த ரிங்கிட் ஒரு மாதத்துக்குள் நாடு திரும்ப வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

'நிறுத்தியது' என்னும் பிறவினையை இங்கும் நோக்குக. எதற்கு எதிரே நிறுத்தியது என்னும் வினாவும் உடனே எழவேண்டும். அமெரிக்க டாலருக்கு எதிரேதான் ரிங்கிட் நின்றது. சிங்கப்பூர் வெள்ளி தொடர்ந்து அசைந்தமையால், நிறுத்தப்பட்ட அந்த ஏழு ஆண்டுகளிலும் ஒரு வெள்ளிக்கு இரண்டு ரிங்கிட் சொச்சம் என்னும் அளவில் விகிதம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. 2005 ஜூலை 21 அன்று சீனா தன் நாணயத்தின் பிணைப்பைத் தளர்த்தியது. அன்றே மலேசியாவும் தளர்த்தியது. 2010-இல் விகிதம் ஏறத்தாழ 2.36. எண்ணெய் விலை சரிந்தபின், 2015-இல் 2.80-ஐ ஒட்டி வந்தது. 2024 பிப்ரவரியில் மூன்றரையைத் தாண்டியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ரிங்கிட் ஓரளவு மீண்டது.

நான்காம் வேற்றுமையும் விழுக்காடும்

'ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட்' என்னும் தொடரில் 'கு' உருபு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். உருபு ஏற்ற நாணயமே அளவுகோல், மற்றது அளக்கப்படுவது. அளவுகோலை மாற்றினால் எண் தலைகீழாகும்: ஒரு ரிங்கிட்டுக்கு ஏறத்தாழ 29 காசு. இரண்டும் ஒரே செய்தி. ஆனால் முதல் தொடரில் எண் பெருகப் பெருக ரிங்கிட் நலிகிறது. இரண்டாவதில் எண் பெருகினால் ரிங்கிட் வலுப்பெறுகிறது. 'விகிதம் உயர்ந்தது' என்று மட்டும் எழுதினால் எது உயர்ந்தது என்பது விளங்காது.

இதிலிருந்து ஒரு பிழை பிறக்கிறது. ஒன்றிலிருந்து மூன்றரை ஆனமையால் 'ரிங்கிட் 250 விழுக்காடு வீழ்ந்தது' என்று எழுதுவோர் உளர். எந்தப் பொருளும் நூறு விழுக்காட்டுக்கு மேல் வீழ இயலாது; நூறு விழுக்காடு வீழ்ந்தாலே எஞ்சுவது சுழியம். ரிங்கிட்டால் அளந்தால் சிங்கப்பூர் வெள்ளி 250 விழுக்காடு உயர்ந்தது. சிங்கப்பூர் வெள்ளியால் அளந்தால் ரிங்கிட் ஏறத்தாழ 71 விழுக்காடு இறங்கியது. இரண்டும் சரி, அளவுகோல்கள்தாம் வேறு. 1967-இன் கணக்கும் இவ்வாறே. நூறு 85 ஆனது 15 விழுக்காட்டு இழப்பு. 85 மீண்டும் நூறாக வேண்டுமெனில் 17.6 விழுக்காடு உயரவேண்டும். இறங்கிய படிகளை விட ஏறவேண்டிய படிகள் மிகுதி. கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க பாடம் இது.

இன்னொன்று. ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட் என்பதால் ஜொகூரில் எல்லாப் பொருளின் விலையும் மூன்றரை மடங்கு என்பதன்று. இங்கே ஒரு வெள்ளிக்குக் கிடைப்பதைவிட, அதனை மாற்றிப் பெறும் ரிங்கிட்டுக்கு அங்கே கூடுதலாகவே கிடைக்கிறது. வாரஇறுதியில் கடற்பாலம் நிரம்புவதற்குக் காரணம் அதுவே. மாற்று விகிதம் வேறு, வாங்கும் ஆற்றல் வேறு.

நாம், நாங்கள்

இவை வெறும் கணக்கல்ல. விடியுமுன் ஜொகூர் பாருவில் எழுந்து எல்லை கடந்து வந்து உழைப்பவர் இந்த அவையில் இருப்போரின் உறவினராகவும் இருப்பர். ரிங்கிட் இறங்கினால் அவர் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் ஊதியம் பெருகும். அதே தெருவில் வாழ்ந்து, ரிங்கிட்டில் ஊதியம் பெற்று, பிள்ளையைச் சிங்கப்பூரில் படிக்கவைக்கும் பெற்றோர்க்குக் கட்டணம் ஏறும். ஒரே செய்தி ஒரு வீட்டில் மகிழ்ச்சி, அடுத்த வீட்டில் கவலை. செய்தியை எழுதுவோர் 'நல்ல செய்தி' என்றோ 'கெட்ட செய்தி' என்றோ தலைப்பிடுமுன், யாருக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கும் அந்த 'கு' உருபு தேவைப்படுகிறது.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரை உள்ளடக்குவது 'நாம்', விலக்குவது 'நாங்கள்'. 1973-க்கு முன் பாலத்தின் எந்தப் பக்கத்தில் நின்று 'நம் வெள்ளி' என்றாலும் கேட்பவர் அதில் அடங்கினார். இன்று 'எங்கள் வெள்ளி', 'உங்கள் வெள்ளி' என்று பிரித்துப் பேச நேர்ந்துள்ளது. இரண்டையும் 'வெள்ளி' என்றே அழைக்கும் பழக்கம் நம்மிடம் எஞ்சியிருக்கிறது. அதனை விடவேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் 'சிங்கப்பூர் வெள்ளி' என்றும் 'மலேசிய ரிங்கிட்' என்றும் ஐயத்துக்கிடமின்றிக் குறிப்போம். விலையைச் சொல்லும்போது அளவுகோலைச் சொல்வோம். மதிப்புக் குறைந்தது என்று எழுதும்போது, இறங்கியதா, இறக்கினார்களா என்று ஒருமுறை நிறுத்திக் கேட்போம்.

ஆசிரியர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இதுவே. தன்வினை பிறவினைப் பாடத்தை நடத்தும்போது 'உருண்டான், உருட்டினான்' என்னும் பழைய எடுத்துக்காட்டோடு நின்றுவிடாமல், அன்றைய நாளிதழின் நாணயச் செய்தி ஒன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். செய்தவர் யார், இழந்தவர் யார் என்று மாணவர் கேட்கத் தொடங்கினால், இலக்கணம் தன் பணியைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.